குளஸ்டர் கோப்பு முறைமையில் நகல் தவிர்த்தல்

நகல் தவிர்த்தல், அதாவது ஜீரோ காப்பி, என்பது ஒரு நிரல் எழுதக் கொடுத்த தரவை நினைவகத்துக்குள் இடம் மாற்றி மாற்றிப் படியெடுக்காமல், இருக்கும் இடத்திலிருந்தே பிணைய அட்டையிடம் சேர்க்கும் கணினி நுட்பம். சேமிப்பகம் வேறொரு கணினியில் இருக்கும்போது எழுதும் வேகம் வட்டையும் கம்பியையும் மட்டும் பொறுத்ததன்று. அதே பைட்டுகளை வழியில் எத்தனை முறை சிபியு படித்துத் திரும்ப எழுதுகிறது என்பதும் கணக்கில் வரும். பல சேவையகங்களின் சேமிப்பகத்தை ஒன்றாக இணைக்கும், தமிழ்நாட்டுத் தொடர்புள்ள குளஸ்டர் கோப்பு முறைமை இதைப் பார்த்துப் புரிந்துகொள்ள மிகப் பொருத்தமான களம்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி, அமெரிக்காவில் கலிஃபோர்னியா டிஜிட்டல் நிறுவனத்தில் பணியாற்றியபோது, லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்துக்கான ‘தண்டர்’ மீக்கணினியின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றினார். 4,096 இட்டானியம் 2 சில்லுகள் கொண்ட அது, 2004 ஜூனில் உலக மீக்கணினிப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. 2005இல் தொடங்கிய அவருடைய நிறுவனம்தான் குளஸ்டர் கோப்பு முறைமையை உருவாக்கியது. அது முதலில் இசட் ரிசர்ச் என்றும் பிறகு குளஸ்டர் என்றும் பெயர் கொண்டது; அதன் பொறியாளர் பிரிவு பெங்களூரில் இயங்கியது. 2011 அக்டோபரில் ரெட் ஹேட் 136 மில்லியன் டாலருக்கு அதை வாங்கியது.

குளஸ்டரின் அடிப்படை முடிவு, கோப்பு முறைமையை இயங்குதளத்தின் கருவான கர்னலுக்கு வெளியே, சாதாரண நிரலாக வைத்துக்கொள்வது. 2005இல் லினக்ஸ் 2.6.14உடன் கர்னலில் சேர்ந்த ஃபியூஸ் என்னும் இணைப்பு இதற்கு வழி செய்தது. பிழை திருத்துவதும் புதிய வசதி சேர்ப்பதும் எளிதாயின. ஆனால் கர்னலுக்கும் நிரலுக்கும் இடையே எல்லை கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நகல் என்பது அதற்குக் கொடுத்த விலை. வழக்கமான முறையில் எழுதப்படும் தரவு செல்லும் வழி இது: பயனர் நிரலின் பஃபரிலிருந்து, கர்னல் கோப்புத் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேச்சுக்கு ஒன்று, அங்கிருந்து குளஸ்டர் நிரலின் நினைவகத்துக்கு இரண்டு, அதிலிருந்து சாக்கெட் பஃபருக்கு மூன்று. எதிர்முனையில் சாக்கெட்டிலிருந்து குளஸ்டர் சேவையகத்துக்கு நான்கு. அங்கிருந்து எக்ஸ்எஃப்எஸ் போன்ற உள்ளூர்க் கோப்பு முறைமையின் பேஜ் கேச்சுக்கு ஐந்து. பிணைய அட்டையும் வட்டும் தாமாகவே நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்பவை இந்தக் கணக்கில் இல்லை.

ஐந்து நகல் என்பது சிறிய செலவாகத் தோன்றலாம். 10 கிகாபிட் பிணையத்தில் பெரும்பாலும் அது சிறியதுதான். ஆனால் 100 கிகாபிட் பிணையம் நொடிக்கு 12.5 கிகாபைட் கடத்தும். ஒரு நகல் எடுக்க நினைவகத்தை ஒருமுறை படிக்கவும் ஒருமுறை எழுதவும் வேண்டும். ஆக நொடிக்கு 25 கிகாபைட் நினைவகப் போக்குவரத்து. டிடிஆர்4-3200 நினைவகத்தின் ஒரு தடம் தரக்கூடியதே 25.6 கிகாபைட். எழுதும் கணினியில் நடக்கும் மூன்று நகல்களே மூன்று தடங்களை விழுங்கிவிடும். சிபியுவின் கேச் இந்தச் சுமையில் ஒரு பகுதியைத் தாங்கும். பெரிய கோப்புகள் தொடர்ந்து ஓடும்போது அதுவும் போதாது.

அப்படியிருந்தும் நகல் எடுப்பதை வெறும் சோம்பேறித்தனமான வடிவமைப்பாகக் கருதக் கூடாது. எழுதும் அழைப்பு முடிந்ததும் நிரல் தன் பஃபரில் வேறு எதையும் போட்டுக்கொள்ளலாம் என்பது யூனிக்ஸ் தரும் உறுதி. நகல்தான் அந்த உறுதியைக் காப்பாற்றுகிறது. நகலை நீக்கிவிட்டால், தரவு போய்ச் சேரும்வரை யாரும் அந்த நினைவகப் பக்கத்தைத் தொடக் கூடாது என்னும் ஒப்பந்தம் அதன் இடத்துக்கு வர வேண்டும். டிசிபி என்னும் பிணைய நெறிமுறையில் இந்தக் காத்திருப்பு நீண்டது: மறுமுனையிலிருந்து ஒப்புதல் வரும்வரை பாக்கெட்டை மீண்டும் அனுப்ப நேரலாம். இடையில் பக்கம் மாறினால், முதலில் போனது ஒன்று, மறுபடி போவது வேறொன்று ஆகிவிடும். சரிபார்ப்புத் தொகையும் பொருந்தாமல் போகலாம்.

குளஸ்டர் தன் எல்லைக்குள் இதை நன்றாகவே கையாண்டது. தரவு ஐயோபஃப் என்னும் பஃபரில் ஒருமுறை வந்துவிட்டால், அடுக்கடுக்கான அதன் உட்கூறுகள் அனைத்தும் அதே பஃபரைக் கைமாற்றிக்கொள்ளும். எத்தனை பேர் அதைப் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கை வைத்திருந்து, கடைசி ஆள் விட்ட பிறகே அது விடுவிக்கப்படும். மூன்று சேவையகங்களில் பிரதி வைக்கும் தொகுதியானாலும் எழுதும் கணினியில் உள்ள பஃபர் ஒன்றுதான்.

ஃபியூஸைத் தாண்டிச் செல்ல லிப்ஜிஎஃப்ஏபிஐ நூலகம் வந்தது. 2013இல் வெளியான 3.4 பதிப்பு அதைப் பரவலாக்கியது. மெய்நிகர் கணினி மென்பொருளான கியூஇஎம்யு, கோப்புப் பகிர்வு மென்பொருள்களான சாம்பா, என்எஃப்எஸ்-கனேஷா ஆகியவை இதன்மூலம் குளஸ்டருடன் நேரடியாகப் பேசின. முதல் இரண்டு நகல்கள் ஒன்றாகச் சுருங்கின. கர்னலுக்கும் நிரலுக்கும் இடையிலான அலைச்சலும் குறைந்தது. எஞ்சிய அந்த ஒன்று, பயனர் பஃபரிலிருந்து ஐயோபஃபுக்கு எடுப்பது. அதையும் நீக்க, நூலகமே பஃபரைக் கொடுத்து, சாம்பா போன்றவை பிணையத்திலிருந்து வரும் தரவை நேராக அதிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை எழுந்தது. சிக்கல் இங்கேயும் பஃபரின் மீதான உரிமைதான். குளஸ்டரின் ரைட்-பிஹைண்ட் பகுதி, தரவு சேவையகம் போய்ச் சேரும் முன்பே ‘எழுதியாயிற்று’ என்று சொல்லிவிடும். அந்தப் பதிலை நம்பிப் பஃபரைத் திரும்பப் பயன்படுத்தும் நிரல், போய்ச் சேராத தரவை அழித்துவிடும். பஃபரை நூலகத்திடமே ஒப்படைத்துவிட்டு அடுத்த முறை எழுதப் புதியதைக் கேட்டு வாங்குவதே பத்திரமான வழி.

சாக்கெட் நகலை ஒழிக்க ஆர்டிஎம்ஏ என்னும் நுட்பம் உதவும். இதன்மூலம் இன்ஃபினிபேண்ட் போன்ற அட்டைகள் ஒரு கணினியின் நினைவகத்திலிருந்து இன்னொன்றின் நினைவகத்துக்கு நேரடியாக எழுதும். தண்டர் போன்ற மீக்கணினிகளின் உலகிலிருந்து வந்த குளஸ்டர் தொடக்க காலத்திலேயே இதை ஆதரித்தது. பராமரிப்பவர்கள் குறைந்ததால் பின்னாளில் அது கைவிடப்பட்டது.

லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே இயங்கும் என்எஃப்எஸ் போன்ற பிணையக் கோப்பு முறைமைகளுக்கு எல்லைகள் குறைவு என்பதால் வேலையும் எளிது. பேஜ் கேச்சில் உள்ள பக்கங்களையே பாக்கெட்டில் இணைத்துவிடலாம். முன்பு ஒவ்வொரு பக்கத்துக்கும் சென்ட்பேஜ் அழைப்பு ஒன்று தேவைப்பட்டது. டேவிட் ஹோவெல்ஸ் உருவாக்கி 2023இல் லினக்ஸ் 6.5இல் சேர்ந்த ஏற்பாடு, பல பக்கங்களை ஒரே அழைப்பில் ஒப்படைக்கிறது. சாதாரண நிரல்களுக்கும் 2017 முதல், 4.14 பதிப்பிலிருந்து, டிசிபியில் நகலில்லாமல் அனுப்பும் வசதி உண்டு. பஃபர் எப்போது விடுதலையாயிற்று என்பதைக் கர்னல் தனியே அறிவிக்கும். ஏறத்தாழ 10 கிலோபைட்டுக்கு மேற்பட்ட தரவை எழுதும்போதே இது பயன் தரும் என்று கர்னல் ஆவணம் சொல்கிறது. அதற்குக் கீழே, பக்கத்தைப் பூட்டவும் அறிவிக்கவும் ஆகும் செலவு நகலின் செலவை மிஞ்சிவிடும்.

தரவை மறைகுறியாக்கி அனுப்பும்போது சிபியு ஒவ்வொரு பைட்டையும் தொட்டே ஆக வேண்டும். அட்டையே அந்த வேலையைச் செய்தால் ஒழிய முழு நகல் தவிர்ப்புக்கு இடமில்லை. பெரியசாமி 2014இல் மற்றவர்களுடன் தொடங்கிய மினியோ சேமிப்பக மென்பொருளும், சிபியு தரவைத் தொட்டே ஆக வேண்டிய இதே நிலையில் உள்ளது. தரவைத் துண்டுகளாக்கி மீட்புத் துண்டுகளையும் கணக்கிட்டு வைப்பது அதன் முறை. ஆகவே அது எழுதும்போது பேஜ் கேச்சைத் தவிர்த்து வட்டுக்கு நேரே செல்வதோடு, சிபியு எப்படியும் செய்யவேண்டிய கணக்கீட்டை வெக்டர் கட்டளைகளால் விரைவுபடுத்துகிறது.