சிங்கராஜ வனம் தப்பிய கதை

ஜூன் 5 வந்தால் எல்லாப் பாடசாலைகளிலும் மரக்கன்று நடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் கன்று நட்டால் காபன் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னால், பாதிப் பாடத்தைத்தான் சொல்கிறோம். மீதிப் பாதி சிங்கராஜவின் வரலாற்றில் இருக்கிறது.

இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் பரந்திருக்கும் மழைக்காடு அது. களு கங்கைக்கும் ஜின் கங்கைக்கும் அங்கிருந்து நீர் போகிறது. மத்திய மலைநாட்டுக் காடுகளைக் கோப்பியும் தேயிலையும் விழுங்கிய காலத்திலும் சிங்கராஜ பெருமளவு தப்பி நின்றது. 1875இலேயே அது அரச ஒதுக்கக் காடானது.

உண்மையான ஆபத்து சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. கொஸ்கமவில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை அமைத்து, அதற்குச் சிங்கராஜவிலிருந்து மரம் எடுக்க அரசாங்கம் தீர்மானித்தது. 1970களின் தொடக்கத்தில் இயந்திரங்கள் காட்டுக்குள் போயின. நாட்டுக்குப் பலகையும் தேவை, தொழிலும் தேவை. தெரிந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டினால் காடு மீண்டும் வளரும் என்பது கணக்கு. ஆனால் ஒரு பெரிய மரம் விழும்போது பக்கத்து மரங்களையும் சாய்க்கும். அதை இழுத்து வரப் பாதை வெட்ட வேண்டும். இயந்திரம் ஏறிய மண் இறுகிப்போகும்.

வனவிலங்கு, இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் அதற்குத் தலைமை வகித்த திலோ ஹொஃப்மனும் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். 1977இல் ஆட்சி மாறியதும் வெட்டு நின்றது. 1978இல் சிங்கராஜ உயிர்க்கோள ஒதுக்கமானது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. 1990இல் நாடு முழுவதும் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவது தடைசெய்யப்பட்டது.

காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி காபன். பல தலைமுறைகளாகச் சேர்ந்த அந்தக் காபன், காடு அழிந்தால் காபனீரொட்சைட்டாக வளிமண்டலத்துக்குப் போகிறது. இன்று நட்ட கன்று அதை ஈடுசெய்யப் பல பத்தாண்டுகள் எடுக்கும்.

சிங்கராஜவின் எல்லையில் பைனஸ் மரங்களை நட்டார்கள். பச்சையாகத் தெரிந்தாலும் அது மழைக்காடு ஆகவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோர் பைனஸ்களுக்கு நடுவே இடைவெளி உண்டாக்கி, உள்நாட்டு மரங்களை நட்டு வளர்த்துக் காட்டினார்கள். எதை, எங்கே நடுகிறோம் என்பதும் முக்கியம் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் தடை மட்டும் போதாது. நமக்குக் கதவும் கட்டிலும் வேண்டும். அந்த மரத்தை இன்னொரு நாட்டின் மழைக்காட்டிலிருந்து இறக்குமதி செய்தால், காபன் அங்கிருந்து போகும், அவ்வளவுதான். காட்டைச் சுற்றி வாழ்ந்து கித்துளும் பிரம்பும் எடுத்துப் பிழைத்த மக்களை மறந்தாலும் பாதுகாப்பு நிலைக்காது.

இங்கேதான் நம் பங்கு வருகிறது. இலங்கையின் மரத்தேவையில் பெரும் பங்கை வீட்டுத்தோட்டங்களும் இறப்பர்த் தோட்டங்களும்தான் நிறைவேற்றுகின்றன. வளவில் நிற்கும் பலா, தேக்கு, மஹோகனி ஒவ்வொன்றும் காட்டில் ஒரு மரத்தைக் காப்பாற்றுகிறது. மகளின் கல்யாணத்துக்கு ஒரு பலாவை வெட்டினால், அந்த வருடமே இரண்டை நட்டுவிடுவோம். பேரப்பிள்ளைகள் காலத்தில் வீட்டுக்குப் பலகையும் இருக்கும், ஆற்றில் தண்ணீரும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.