பன்றிக்கு வைத்த சுருக்கு

பன்றிக்கு வைத்த பொறியிற் புலி அகப்படுவது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தினை தின்ன வரும் பன்றிக்கென்று புனத்துக்காரன் ஒருவன் பெருங்கல்லைச் சாய்த்துச் சிறு பொறியிலே பூட்டி வைக்கிறான். வந்து மாட்டிக்கொள்வதோ வலிய புலி. நற்றிணையின் 119ஆம் பாட்டில் பெருங்குன்றூர் கிழார் கூறுவது இது. அக்கற்பொறிக்கு ‘அடார்’ என்று பெயர். அதே நூலின் 98ஆம் பாட்டிலும் ஒரு பன்றி வருகிறது. பொறி வைத்த ஒடுங்கிய வழியில் அது நுழையும் வேளையில் பக்கத்தில் ஒரு பல்லி ஒலிக்கிறது. பன்றி பாய்ந்து ஓடவில்லை. மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் கற்குகைக்குத் திரும்பிவிடுகிறது. இதிற் சகுன நம்பிக்கையைக் காண்பார் காணட்டும். விலங்கின் எச்சரிக்கையை அருகிருந்து பார்த்த கண்ணையே நாம் காண்கிறோம்.

அடார் இன்று இல்லை. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் அதன் இடத்தைச் சுருக்குக் கம்பி பிடித்துக்கொண்டது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கம்பி, துவிச்சக்கரவண்டியின் பிரேக் கம்பி, இவையே போதும். பன்றி வேலியில் ஓர் இடைவெளி கண்டுவிட்டால் நாள்தோறும் அவ்வழியே வரும். அவ்விடைவெளியிலேதான் சுருக்குத் தொங்குகிறது. மனித வாடை புதிதாயிருக்கும் நாளிற் பன்றி ஒதுங்கிப் போவதுண்டு. எலியும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆக்ஸ்போர்டில் எலிகளை ஆராய்ந்தவர்கள், பழகிய இடத்தில் வைக்கப்பட்ட புதுப்பொருளை அவை அஞ்சி விலக்குவதைக் கண்டனர். அதனால், நஞ்சிடுமுன் சில நாள் வெறும் இரையிட்டுப் பழக்கவேண்டும் என்றனர். ஆனால் சிறுத்தைக்கும் அத்தடமே நடைபாதை. இருளில் தொங்கும் மெல்லிய கம்பி அதன் கண்ணிற் படுவதில்லை. அகப்பட்ட விலங்கு விடுபட இழுக்கிறது. இழுக்க இழுக்கக் கம்பி இறுகுகிறது. இடுப்பிற் சுருக்கு விழுந்தால் உள்ளுறுப்புகள் நசுங்கும். பின்னர் அறுத்து விடுவித்தாலும் பிழைப்பது அரிது.

இந்த மலைகளில் விலங்குக்கும் பயிருக்கும் மூண்ட பகையின் வரலாற்றைக் காப்பியிலிருந்து தொடங்கவேண்டும். காட்டை வெட்டி எரித்துக் காப்பி நட்டபோது, காட்டிலே நெல்லுச்செடியின் விதை தின்றிருந்த எலிகள் இரை குன்றிய காலத்தில் திரளாகத் தோட்டங்களில் இறங்கின. ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் 1,000 எலிகள் வரை கொல்லப்பட்டதாக, இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டென்னன்ட் எழுதினார். எலி மிகுந்த பகுதிகளையே தமிழ்க் கூலிகள் விரும்பினர், அவ்விறைச்சியைத் தேங்காயெண்ணெயிற் பொரித்தும் கறியாக்கியும் உண்டனர் என்றும் அவர் குறித்தார். அதனை அவர் ருசியின் விநோதமாகக் கண்டார். அரைவயிற்றுக் கூலியோடு சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை. அக்காலத்தில் யானையைக் கொன்றவர்க்கு அரசாங்கமே வெகுமதி கொடுத்தது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்பர். அது வீரம் எனப்பட்டது.

பின்னர் சட்டங்கள் வந்தன. 1916இல் துப்பாக்கிச் சட்டம். 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம். இவை வேண்டாதவை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் துரைக்கு எளிது, லயத்து மனிதனுக்கு அரிது. அவன் கைக்கு எட்டியது கம்பி. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குச் சென்றது. லயத்தின் பின்னே அவன் மரவள்ளியும் வற்றாளையும் நடும் துண்டு நிலம் மட்டும் பெரும்பாலோர்க்கு இன்னும் சொந்தமாகவில்லை. உரிமையில்லாத நிலத்துக்கு உறுதியான வேலி போட யார் பணம் கொடுப்பார்? சுருக்கு வைப்போர் எல்லாரும் பயிர் காப்போர் அல்லர். இறைச்சி விற்போரும் உளர் என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் இருவரையும் ஒரே கூண்டில் நிறுத்துவது நீதியாகாது.

2020 மே மாத இறுதியிற் சிவனொளிபாத மலையின் மறுபுறத்தே, நல்லதண்ணிப் பகுதியில், அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கில் அகப்பட்டது. கழுத்திற் கம்பி இறுகியிருந்தது. மயக்க மருந்தூட்டி விடுவித்து உடவளவைக்குக் கொண்டுசென்றனர்; மே 29இல் அது இறந்தது. நாடே வருந்தியது, நாமும் வருந்தினோம். பெருந்தொற்றுக்குப்பின் பள்ளி திறந்ததும் வகுப்பில் அதைப் பற்றிப் பேசினோம். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டிருந்தனர். பின்வாங்கிலிருந்த ஒரு மாணவன் எழுந்தான்.

“சேர், அந்தப் பன்னி பெறகு வந்துச்சா?”

சிலர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை. அவர்கள் லயத்தின் பின்னாலிருந்த மரவள்ளிப் பாத்தியை முந்திய வாரந்தான் பன்றி கிளறிப் போட்டிருந்தது.