மாட்டு வண்டியும் பெட்ரோல் விலையும்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடிந்த பிறகு பொறுமையாகப் படியுங்கள்.

பழனியில் ஒரு காதுகுத்து விசேஷம். பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தோம். நம் பிள்ளைகள் இரண்டு பேருக்குள் பேச்சு முற்றிவிட்டது. "எங்க தலைவர் இருக்கிறதாலதான் வெளிநாட்டுக்காரன் பயப்படுறான்" என்றான் ஒருவன். "பயந்தா எதுக்குப் பெட்ரோல் நூறு ரூபாய் விக்குது?" என்றான் இன்னொருவன். மாமன் மச்சான் முறை. இன்று வரை இருவரும் பேசிக்கொள்வதில்லை.

அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல இதை எழுதவில்லை. இந்தச் சண்டைக்கு ஐம்பது வருடத்துக்கு மேல் வயதாகிறது. அந்தக் கதை தெரிந்தால் சண்டை போடுவதற்குப் பதிலாக நல்ல கேள்விகள் கேட்கலாம். அதற்காகத்தான்.

1973-ஆம் வருடம். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம் இல்லை. கொடைக்கானல், பழனி எல்லாம் மதுரை மாவட்டம். அந்த மே மாதம் நடந்த திண்டுக்கல் இடைத்தேர்தலில்தான் எம்.ஜி.ஆரின் புதுக் கட்சி மாயத்தேவரை நிறுத்தி ஜெயித்தது. பள்ளிக்கூடப் பையனாக இருந்த எங்களுக்கு ஊரெல்லாம் இரட்டை இலைதான் தெரிந்தது. அடுத்த ஐந்து மாதத்தில் எங்கோ ஒரு பாலைவனத்தில் தொடங்கிய போர் நம் வீட்டு மண்ணெண்ணெய் அடுப்பு வரை வரும் என்று யாருக்கும் தெரியாது.

அக்டோபர் 6-ஆம் தேதி எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. அமெரிக்கா இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்தது. கோபம் கொண்ட அரபு நாடுகள் எண்ணெய் எடுப்பதைக் குறைத்தன. அமெரிக்காவுக்கு விற்க மாட்டோம் என்றன. பீப்பாய் சுமார் 3 டாலர் விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. இந்தியா அந்தப் போரில் யாரோடும் சண்டை போடவில்லை. ஆனாலும் தேவையான எண்ணெயில் பெரும் பங்கை வெளியிலிருந்துதான் வாங்கினோம். விலை நமக்கும் அதே விலைதான்.

இந்திரா காந்தி அரசு பெட்ரோல் விலையை ஏற்றியது. நவம்பர் 12-ஆம் தேதி நாடாளுமன்றக் கூட்டம் தொடங்கிய அன்று, ஜனசங்கத் தலைவர் வாஜ்பாய் மாட்டு வண்டியில் ஏறி நாடாளுமன்றத்துக்கு வந்தார். அந்தச் செய்தி வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. வலதுசாரிகளும் இடதுசாரிகளும் சேர்ந்து பிரதமரே காரணம் என்றார்கள். ஆளும் கட்சி அரபு நாடுகளைக் காட்டியது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

இப்போது அந்தக் கதையின் பின்பாதியைக் கேளுங்கள். அதே வாஜ்பாய் பிரதமரானார். 2000 செப்டம்பரில் கச்சா எண்ணெய் 30 டாலரைத் தாண்டியதும் அவருடைய அரசே டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு விலையை ஏற்ற வேண்டி வந்தது. அவருடைய கூட்டணியில் அமைச்சராக இருந்த மம்தா பானர்ஜியே எதிர்த்து ராஜினாமா வரை போனார். வண்டியில் வந்தவரும் மோசமானவர் இல்லை, வண்டியைப் பார்த்து முகம் சுளித்தவர்களும் மோசமானவர்கள் இல்லை. நாற்காலி மாறியதும் கணக்கு வேறாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 1979-இல் ஈரான் புரட்சிக்குப் பிறகு பெட்ரோல் பங்க்குகளில் கார்கள் வரிசை கட்டி நின்றன. அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் 444 நாட்கள் ஈரானில் பிணைக் கைதிகளாக இருந்தார்கள். ஜிம்மி கார்ட்டர் பலவீனமான ஜனாதிபதி என்று எதிர்க்கட்சி பேசியது. 1980 தேர்தலில் அவர் ரொனால்டு ரேகனிடம் தோற்றார். 1986-இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. அதற்குப் பெரிய காரணம் சவுதி அரேபியா மடையைத் திறந்துவிட்டதும், அலாஸ்காவிலும் வடகடலிலும் புது எண்ணெய் வந்து சேர்ந்ததும். அலாஸ்கா குழாய்க்கு அனுமதி கொடுத்த சட்டத்தில் 1973-இல் கையெழுத்துப் போட்டவர் நிக்சன். எண்ணெய் ஓடத் தொடங்கிய 1977-இல் இருந்தவர் கார்ட்டர். விலை விழுந்தபோது ஆண்டவர் ரேகன். ஒருவர் நட்டார், ஒருவர் தண்ணீர் விட்டார், ஒருவர் காய் பறித்தார். ஓட்டுப் போடுகிறவன் காய் பறித்தவரைத்தான் பார்க்கிறான்.

நம் நாட்டிலும் அப்படி ஒரு மரம் உண்டு. 1974 பிப்ரவரியில் பம்பாய்க்கு மேற்கே நடுக்கடலில் 'சாகர் சாம்ராட்' என்ற துரப்பண மேடை துளையிட்டபோது எண்ணெய் கிடைத்தது. அதுதான் பாம்பே ஹை. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. அதன் பலனை அனுபவித்தவை பின்னால் வந்த எல்லா அரசுகளும்.

அடுத்த பெரிய அடி 1990. ஆகஸ்ட் 2-ஆம் தேதி சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தார். அப்போது வி.பி.சிங் பிரதமர். வெளியுறவு அமைச்சர் குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைத் தழுவிக்கொண்டார் என்று பத்திரிகைகள் திட்டின. ஆனால் அந்தப் பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகுதான் அம்மான் வழியாக ஒரு லட்சத்து எழுபதாயிரம் இந்தியர்களை விமானத்தில் கொண்டுவர முடிந்தது. அந்த நேரத்தில் எண்ணெய் 40 டாலர் வரை போனது. பெட்ரோல் மீது வளைகுடா கூடுதல் வரி போட்டார்கள். அடுத்து வந்த சந்திரசேகர் அமெரிக்க ராணுவ விமானங்கள் பம்பாய் உள்ளிட்ட இடங்களில் எண்ணெய் நிரப்பிக்கொள்ள அனுமதித்தார். ராஜீவ் காந்தி அதைக் கடுமையாக எதிர்த்தார். அனுமதி நின்றது.

இந்தச் சத்தங்களுக்கு நடுவே கஜானா காலியாகிக்கொண்டிருந்தது. சில வாரங்களுக்கு இறக்குமதி செய்யத்தான் டாலர் மிச்சம். 1991-இல் முதலில் 20 டன், பிறகு 47 டன் தங்கம் வெளிநாடு போனது. நம் வீட்டில் கஷ்டம் வந்தால் தாலிக்கொடியைச் சேட்டுக் கடைக்குக் கொண்டுபோவது போலத்தான். இதற்குச் சதாம் மட்டும் காரணமில்லை. அதற்கு முன்பு பல வருடங்களாக வாங்கிய கடனும் காரணம். எண்ணெய் விலை கடைசி அடியைக் கொடுத்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். இங்குதான் பிள்ளைகளே, கவனமாகப் படிக்க வேண்டும்.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. மன்மோகன் சிங் அரசு முழு விலையையும் மக்கள் மேல் ஏற்றாமல், எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் வந்த அந்தக் கடனைப் பிறகு வந்தவர்கள் கட்ட வேண்டியிருந்தது. 2012 மே மாதம் ஒரே நாளில் பெட்ரோல் ஏழரை ரூபாய் ஏறியது. பாஜக கூட்டணி பாரத் பந்த் நடத்தியது.

2014-இல் 110 டாலர் பக்கம் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே வந்தது. பங்க்கில் அந்த அளவுக்கு விலை குறையவில்லை. ஏனென்றால் மோடி அரசு அந்த இடைவெளியில் ஒன்பது முறை கலால் வரியை ஏற்றியது. 2018-இல் காங்கிரஸ் பாரத் பந்த் நடத்தியது. 2020 மே மாதம் கொரோனாவில் உலகமே முடங்கி எண்ணெய் வாங்க ஆளில்லாத நேரத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் மறுபடி வரி ஏறியது. 2021 நவம்பரிலும் 2022 மே மாதமும் கொஞ்சம் குறைத்தார்கள்.

இன்னொரு விவரம். 2021-இல் ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய வரி 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 40 காசு மட்டுமே. மீதி செஸ், கூடுதல் வரி என்ற பெயரில் இருந்தது. மாநிலமும் சும்மா இல்லை. அதற்கென்று தனியாக மதிப்புக் கூட்டு வரி உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தபோதுதான் பலருக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரிந்தது.

ஆக, பங்க்கில் நாம் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி உலகச் சந்தை. அதை எந்தத் தலைவரும் மீசையை முறுக்கிக் குறைக்க முடியாது. இன்னொரு பகுதி டெல்லி. மற்றொரு பகுதி சென்னை. விலை ஏறும்போது எல்லோரும் வெளிநாட்டைக் காட்டுகிறார்கள். விலை இறங்கினால் 'எங்கள் தலைமை' என்கிறார்கள்.

வெளிநாட்டு விவகாரம் பொய் என்று சொல்லவில்லை. 2018-இல் டிரம்ப் ஈரான் ஒப்பந்தத்திலிருந்து விலகினார். 2019 மே மாதத்தோடு நாம் ஈரான் எண்ணெய் வாங்குவது நின்றது. உக்ரைன் போருக்குப் பிறகு ரஷ்ய எண்ணெயைத் தள்ளுபடி விலையில் வாங்கினோம். அதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா கூடுதலாக 25 சதவீதம் வரி போட்டு மொத்தம் 50 சதவீதமாக்கியது. அந்த அடி விழுந்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலிருக்கும் திருப்பூர். நம் மலையிலிருந்து இறங்கிப் போய் அங்கே பனியன் கம்பெனிகளில் டெய்லராகவும் செக்கிங்கிலும் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! ரஷ்ய எண்ணெய் மலிவாக வாங்கியதில் அவர்கள் வண்டிக்குப் பெட்ரோல் விலை பெரிதாகக் குறையவில்லை. வரி போட்டதில் ஓவர்டைம் மட்டும் குறைந்தது. லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு என்று கேட்பது தேசத் துரோகம் இல்லை.

மலைக்காரர்களுக்கு டீசல் இரண்டு பக்கமும் கடிக்கும். அரிசியும் உரமும் சிமெண்டும் லாரியில்தான் மேலே ஏற வேண்டும். பூம்பாறைப் பூண்டும் மன்னவனூர் கேரட்டும் லாரியில்தான் வத்தலக்குண்டுக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் இறங்க வேண்டும். மண்டியில் வண்டி வாடகை, கமிஷன், இறக்குகூலி எல்லாம் பிடித்துக்கொண்டுதான் விவசாயி கையில் பணம் வருகிறது. டீசல் ஏறினால் வாங்குவதும் விலை கூடும், விற்பதிலும் பிடித்தம் கூடும். இதில் அவன் எந்தக் கட்சி என்று லாரி கேட்பதில்லை.

அதனால் இனி யாராவது தலைவரைப் பற்றிச் சண்டைக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். அப்போது கச்சா எண்ணெய் என்ன விலை? அதன் மேல் யார், எவ்வளவு வரி போட்டார்கள்? அந்தப் பணம் எங்கே செலவானது? இந்த மூன்றையும் உங்கள் கட்சிக்காரரிடம் முதலில் கேளுங்கள். எதிர்க்கட்சிக்காரரிடம் கேட்பது சுலபம்.

லாரி, ஜீப் ஓட்டும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2012-இல் மன்னவனூரிலிருந்து ஒட்டன்சத்திரத்துக்கு மூட்டைக்கு என்ன வாடகை வாங்கினீர்கள், 2022-இல் என்ன வாங்கினீர்கள், நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். பழைய டைரியில் இருந்தால் இன்னும் நல்லது. டெல்லிக் கணக்கை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் மலையின் கணக்கை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.