சென்னை ஐ.ஐ.டி. ஆய்வகங்களில் பிறந்த நிறுவனங்கள்

1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் நூறு பேருக்கு ஒரு தொலைபேசிகூடக் கிடையாது. விண்ணப்பம் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். புதிதாக ஓர் இணைப்புக் கொடுக்க அரசுக்கு ஏறத்தாழ 40,000 ரூபாய் செலவானது. வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் சேர்த்தால் அந்த முதலீட்டுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வசூலாக வேண்டும். அதைக் கட்டக்கூடிய குடும்பங்கள் மிகச் சிலவே. செலவை 10,000 ரூபாய்க்கு இறக்கினால் பெருந்திரளான குடும்பங்களுக்குத் தொலைபேசி எட்டும் என்று கணக்குப் போட்டார் சென்னை ஐ.ஐ.டி. மின்பொறியியல் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. பாஸ்கர் ராமமூர்த்தி உள்ளிட்ட சக ஆசிரியர்களோடு அவர் அமைத்த டெனெட் குழு அந்த விலையையே தன் ஆய்வின் இலக்காக வைத்துக்கொண்டது.

அந்த 40,000 ரூபாயில் பெரும்பகுதி எக்ஸ்சேஞ்சுக்குப் போகவில்லை. அங்கிருந்து வீடுவரை தெருவைத் தோண்டிப் புதைத்த செம்புக் கேபிளுக்கே போனது. செம்பின் விலை ஏறிக்கொண்டிருந்தது, மின்னணுச் சில்லுகளின் விலையோ இறங்கிக்கொண்டிருந்தது. எனவே கடைசித் தூரத்தைக் கம்பியில்லாமல் ரேடியோ அலையில் கடப்பதென்று முடிவாயிற்று. ஆனால் கட்டுரை வெளியிடுவது வேறு, வெயிலிலும் மழையிலும் ஓடும் கருவியைச் செய்து கொடுப்பது வேறு. அதற்கு முழுநேரப் பொறியாளர்கள் வேண்டும். 1994இல் ஐ.ஐ.டி.யின் பழைய மாணவர்கள் மைடாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பேராசிரியர்கள் வகுப்பறையை விடவில்லை. நிறுவனத்தைப் பழைய மாணவர்கள் நடத்தினார்கள். சில்லுகளை அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் உருவாக்கித் தந்தது. புதிய முயற்சிக்கு முதல் போடுவோர் அரிதாக இருந்த அந்தக் காலத்தில், உள்நாட்டுக் கருவித் தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே கொடுத்த உரிமக் கட்டணம்தான் ஆய்வுச் செலவுக்குக் கைகொடுத்தது. விற்பனையிலிருந்து ஐ.ஐ.டி.க்கு ராயல்டி வந்தது. டெனெட் குழு செய்த கருவிகளைவிட இந்த ஏற்பாடே நீண்ட காலம் நிலைத்தது.

இப்படி உருவான கார்டெக்ட் 1990களின் இறுதியில் களத்துக்கு வந்தது. டெக்ட் என்னும் ஐரோப்பியக் கம்பியில்லாத் தொலைபேசித் தரத்தை இந்திய நிலைமைக்கேற்ப வளைத்த முறை அது. எக்ஸ்சேஞ்ச் பகுதிக்குக் குளிர்சாதன அறை வேண்டாம்; கோபுரத்தின் மேல் பொருத்தும் சிறிய நிலையத்துக்கு, செய்தியைக் கொண்டுபோகும் கம்பியே மின்சாரத்தையும் கொண்டுபோகும். பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் ஓடும். மடகாஸ்கர், ஃபிஜி போன்ற நாடுகளுக்கும் இது சென்றது.

டெனெட்டிலிருந்து கிளைத்த என்-லோக் நிறுவனம் இதே கருவியைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. உள்ளூர்க்காரர் ஒருவர் சுமார் 50,000 ரூபாய் முதலில் கணினி, பிரிண்டர், வெப் கேமரா, மின்வெட்டைச் சமாளிக்க பேட்டரி ஆகியவற்றோடு கடை போடலாம். தமிழில் தட்டச்சு செய்யும் மென்பொருளைச் சென்னை கவிகள் என்ற இன்னொரு டெனெட் நிறுவனம் தந்தது. நோய் கண்ட வெண்டைச் செடியைப் படமெடுத்து மதுரை வேளாண் கல்லூரிக்கு அனுப்பி யோசனை கேட்டார்கள். கண் கோளாறைப் படமாக அனுப்பி அரவிந்த் மருத்துவமனையின் கருத்தைப் பெற்றார்கள்.

இவ்வளவு இருந்தும் அந்த மையங்கள் நிலைக்கவில்லை. 2003க்குப் பிறகு கைபேசிக் கட்டணம் சரிந்தது. வீட்டோடு கட்டிப்போட்ட தொலைபேசியை வாங்க ஆளில்லை. சில ரூபாய்க் கட்டணத்தில் கடை நடத்தியவர்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. மைடாஸ் அகலப்பட்டைக் கருவிகளின் பக்கம் திரும்பியது, என்-லோக் மறைந்தது. தொழில்நுட்பம் சரியாக இருந்தும் காலம் முந்திக்கொண்டது என்பதே நேர்மையான கணிப்பு.

அந்தப் பட்டறிவு வீண்போகவில்லை. மாநில அரசு கொடுத்த நிலத்தில், தரமணியில், 2010இல் ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. இங்கே இடம் பிடிக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது; மாணவர்களுக்குப் பயிற்சி, கூட்டாய்வு, பேராசிரியரின் ஆலோசனை என ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு மதிப்பெண் எடுத்தாக வேண்டும். மைடாஸ் காலத்தில் நட்பின் பேரில் நடந்த ஒத்துழைப்பு இப்படி விதியாயிற்று. 2013இல் இரு பழைய மாணவர்கள் தொடங்கிய ஏத்தர் எனர்ஜி இங்கிருந்து வளர்ந்து பெங்களூருக்குப் போய், 2018இல் தன் முதல் மின்சார ஸ்கூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2025இல் பங்குச் சந்தையில் பட்டியலானது.

பேராசிரியரின் இடமும் மாறியது. அன்று நிறுவனத்துக்கு வெளியே நின்று வழிகாட்டியவர் இன்று நிறுவனராகவே உள்ளே வருகிறார். 2017இல் தொடங்கிய அக்னிகுல் காஸ்மோஸின் நிறுவனர்களில் ஒருவர் எரிதல் துறை ஆய்வாளரான பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினோடு, பல முறை தள்ளிப்போன பிறகு, 2024 மே 30 அன்று அதன் முதல் சோதனை ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது.