வதந்தியும் செய்தியும்

2018 பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, அம்பாறை நகரிலுள்ள முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் உண்ண வந்த சிங்களர் ஒருவர் கறியினுள் ஏதோ கட்டி கிடக்கக் கண்டார். மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. தமிழ் பேசும் கடைக்காரருக்குச் சிங்களம் அரைகுறையாகவே தெரியும். மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணி, அச்சத்தோடு, 'ஆம், போட்டோம்' என்ற பொருள்பட ஏதோ சொன்னார். அச்சில நொடிகள் கைத்தொலைபேசியிற் பதிவாகி முகநூல்வழியே நாடெங்கும் பரவின. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன.

அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் அது வெறும் மாக்கட்டியே என அறிக்கையிட்டார். அதனாற் பயனென்ன? மார்ச் முதல் வாரத்தில் கண்டி மாவட்டம் பற்றி எரிந்தது. திகனையில் எரிந்த வீடொன்றினுள் இளைஞன் ஒருவன் பிணமாகக் கிடந்தான். 6ஆந் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் முகநூல், வட்ஸ்அப், வைபர் யாவும் முடக்கப்பட்டன. முகநூல் நிறுவனம் மன்னிப்புக் கோரியதோ 2020 மே மாதத்திலேதான். கடைக்காரர் கேள்வியையே விளங்கிக்கொள்ளாமல் விடையளித்தார் என்ற செய்தி, நிருபர்கள் அவரைத் தேடிச் சென்று அமைதியாக விசாரித்த பின்னரே வெளிவந்தது. கூட்டத்தில் நின்ற எவரும் அதனைக் கேட்கவில்லை.

இதனாற் பலர், முகநூல் நஞ்சு, பத்திரிகையே மருந்து என்று முடிவுகட்டுகின்றனர். நமது வரலாறு அவ்வளவு இலகுவாக இம்முடிவுக்கு இடந்தரவில்லை. 1915ஆம் ஆண்டு வெசாக் இரவிற் கண்டியிலே மூண்ட கலவரம் சில நாட்களுள் கொழும்பையும் பிற ஊர்களையும் பற்றிக்கொண்டது. அன்று முகநூல் இல்லை. ஆனால் பத்திரிகைகள் இருந்தன. பியதாச சிறிசேனவின் 'சிங்கள ஜாதிய' முஸ்லிம் வணிகரோடு கொடுக்கல் வாங்கல் வைக்காதீர் என்று கலவரத்துக்கு முன்னரே எழுதிவந்தது. (அக்காலத்துச் சிறுவணிகரின் போட்டிப் பொறாமை இனப்பற்று என்னும் போர்வையைத் தேடிக்கொண்டமை தனியே ஆராயத்தக்கது.)

நூறாண்டு கடந்தும் நிலைமை மாறியதா? 2019 ஏப்பிரல் 21ஆந் திகதிக் குண்டுவெடிப்புகளின்பின் நாடே பீதியில் உறைந்திருந்த வேளை, மே 23ஆந் திகதி, சிங்கள நாளேடொன்று தன் முதற்பக்கத்திலேயே செய்தியொன்றை வெளியிட்டது. முஸ்லிம் மருத்துவர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களை இரகசியமாக மலடாக்கினார் என்பதே அது. அம்பாறைக் கடையில் எழுந்த அதே கூச்சல் இப்போது அச்சேறி, பத்திராதிபரின் மேசையையும் கடந்து வந்துவிட்டது! மறுநாள் மருத்துவர் ஒருவர் கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சான்று எதுவும் இல்லை என்று நீதிமன்றுக்கு அறிவித்த பின்னரும், ஜூலை இறுதிவரை அவர் சிறையிலிருக்க நேர்ந்தது. சம்பளம் பெறும் பத்திரிகையாளர், சரிபார்க்கும் கடமையைக் கைவிட்ட கணமே, தெருவில் நின்று கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தவனிலும் கொடியவராகிவிடுகிறார். ஏனெனில் அவரை மக்கள் நம்புகின்றனர்.

அந்த நம்பிக்கையை ஈட்டிக்கொண்டோர் எவர் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. மயில்வாகனம் நிமலராஜன் போர்ச் சூழலிலே அங்கிருந்து பீ.பீ.சீ.யின் தமிழ், சிங்கள ஒலிபரப்புகளுக்கும் வீரகேசரிக்கும் 'ராவய'வுக்கும் செய்தி அனுப்பியவர். இரு மொழி மக்களும் அவருடைய செய்தியைக் கேட்டனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 2000 ஒக்டோபரில் நடந்த பொதுத்தேர்தலிலே குடாநாட்டில் இடம்பெற்ற முறைகேடுகளை அவர் வெளிக்கொணர்ந்தார். வதந்தியைப் பரப்புவோனை எங்கே தேடுவது? நிமலராஜன் தம் பெயரிலேயே எழுதினார். அவர் வீடு எதுவென்று ஊரே அறியும். ஒக்டோபர் 19ஆந் திகதி இரவு, ஊரடங்கு நடைமுறையிலிருந்த வேளையிலே, கொலையாளிகள் அவ்வீட்டுக்கே வந்தனர். அவரைச் சுட்டுக் கொன்றனர். பெற்றோரையும் மருமகனான சிறுவனையும் காயப்படுத்தினர். இருபது ஆண்டுகள் கழிந்தும் அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை.