சான்றிதழும் சாட்சியமும்: ஆலைத் தொழிலில் பொறுப்பை அளந்த வரலாறு

ஓர் ஆலை நேர்மையாக நடைபெறுகின்றதா என்பதைக் கூறும் உரிமை யாருக்கு உண்டு? முதலாளிக்கா, அரசாங்க அலுவலருக்கா, சரக்கை வாங்கும் வணிகருக்கா, அல்லது இயந்திரத்தின் முன் நாளெல்லாம் நிற்கும் தொழிலாளிக்கா? ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக இவ்வினா எழுந்துகொண்டேயிருக்கின்றது. நம் சமுதாயத்துப் பெண்களும் இளைஞர்களும் பஞ்சாலைக்கும் தையலாலைக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் சென்றுவரும் இக்காலத்தில், இதன் வரலாற்றை நாம் அறிந்திருத்தல் இன்றியமையாததாகும்.

முதற் சட்டமும் அது காணாத கொடுமையும்

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் இயற்றப்பட்டது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைத்தல் கூடாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்கு மேல் உழைத்தல் கூடாது என்பன அதன் முக்கிய விதிகள். வயது வந்தோரின் வேலை நேரத்திற்கோ வரம்பு ஏதும் இல்லை. இச்சட்டம் பிறந்ததற்கு இரக்கம் ஒன்று மட்டுமே காரணமன்று. பம்பாய் ஆலைகளின் போட்டியைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தலும் ஒரு காரணமாகும்.

அப்பம்பாய் ஆலைகளில் எந்தச் சட்டமும் காணாத கொடுமை ஒன்று நிலவியது. தறி நாடாவில் புதிய நூற்கண்டை வைக்கும்போது, அறுந்த நூலின் நுனியை வாயால் உறிஞ்சி இழுப்பது அக்கால வழக்கம். தாழ்த்தப்பட்டவர் வாய் வைத்த நாடாவைத் தொட மாட்டோம் என்று ஏனைய சாதித் தொழிலாளர்கள் மறுத்தனர். அதனால் கூலி மிகுந்த நெசவுப் பகுதியின் கதவு நம் மக்களுக்கு அடைக்கப்பட்டது. 1928ஆம் ஆண்டுப் பெரும் வேலைநிறுத்தத்தின்போது, அக்கதவைத் திறக்க வேண்டும் என்னும் கோரிக்கையையும் சேர்க்குமாறு அண்ணல் அம்பேத்கர் வற்புறுத்தினார். 1938இல் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட இரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் ஆகிய இரண்டுமே தொழிலாளியின் பகைவர்கள் என்று எடுத்துரைத்தார். வைசிராயின் நிர்வாக சபையில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் இருந்த காலத்தில்தான், வாரத்திற்கு 48 மணி நேரம் என்னும் வரம்பை விதிக்கும் சட்டத் திருத்தம் கொண்டுவரப்பட்டது.

இதிலிருந்து நாம் பெறும் முதற் பாடம் யாது? நேரத்தையும் கூலியையும் மட்டும் அளக்கும் கண்ணுக்குச் சாதி தென்படுவதில்லை. அதனைப் பட்டறிந்தவரே எடுத்துக் கூற வேண்டியிருந்தது.

கடல் கடந்த சங்கிலி

கடந்த ஐம்பது ஆண்டுகளில் உற்பத்தியின் அமைப்பே மாறிவிட்டது. மேலைநாட்டுப் பெருநிறுவனம் தனக்கென ஆலை வைத்துக்கொள்வதில்லை. வணிகப் பெயரும் வடிவமைப்பும் அதனிடம் இருக்கும். தையல் வேலை டாக்காவிலும் கராச்சியிலும் திண்டுக்கல்லிலும் நடைபெறும். விலையையும் சரக்கு அனுப்ப வேண்டிய நாளையும் வாங்குவோர் முடிவு செய்கின்றனர். கூலியை ஆலை முதலாளி கொடுக்கின்றார். தவறு நேர்ந்தால் பொறுப்பு யாருடையது என்று கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் சுட்டுகின்றனர்.

இக்குறையைக் களைய நெறிமுறைகள் பல வகுக்கப்பட்டன. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 1976இலும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977இலும் பன்னாட்டு நிறுவனங்களுக்கான கோட்பாடுகளை வெளியிட்டன. ஐக்கிய நாடுகள் மனித உரிமை மன்றம் 2011இல் வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளை ஏற்றது. இவை யாவும் நல்லவையே. ஆயினும் மீறினால் தண்டிக்கும் வலிமை இவற்றுக்கு இல்லை.

நிறுவனங்களோ தணிக்கை முறையை மேற்கொண்டன. தணிக்கையாளர் ஒரு நாளோ இரு நாளோ வருவார், பதிவேடுகளைப் புரட்டுவார், ஆலைக்குள்ளேயே சில தொழிலாளர்களிடம் வினவுவார், சான்றிதழ் வழங்குவார். அவர் சென்ற பின்னரும் அத்தொழிலாளி அதே மேற்பார்வையாளரின் கீழ்தான் வேலை செய்தாக வேண்டும். அந்நிலையில் அவர் வாயிலிருந்து உண்மை எங்ஙனம் வெளிப்படும்?

சான்றிதழ் காக்கவில்லை

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்னும் ஆடை ஆலையில் தீப்பற்றி 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ எவ்வாறு மூண்டது என்பது நீதிமன்றம் ஆராய்ந்த பொருள். ஆனால் வெளியேறும் வழிகள் பூட்டப்பட்டிருந்ததும், சன்னல்களில் கம்பிகள் பதிக்கப்பட்டிருந்ததும் கண்கூடு. எஸ்.ஏ. 8000 என்னும் சமூகப் பொறுப்புச் சான்றிதழ் அவ்வாலைக்குக் கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் உயிரிழந்தனர். முதல் நாளே சுவர்களில் வெடிப்பு கண்டது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை அனுப்பிவிட்டது. மேல்தளங்களின் தையல் தொழிலாளர்களோ மறுநாள் காலை உள்ளே செல்லுமாறு பணிக்கப்பட்டனர். ஆபத்தை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். மறுத்துரைக்கும் சங்க வலிமை அவர்களுக்கு இல்லை. அவ்வலிமையை எந்தத் தணிக்கையும் அவர்களுக்கு அளிக்கவில்லை.

அப்பேரிடருக்குப் பின் 2013 மே மாதத்தில் வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம் உருவாயிற்று. உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளும் ஆடை நிறுவனங்களும் அதில் ஒப்பமிட்டன. சட்டப்படி கட்டுப்படுத்தும் தன்மையே அதன் சிறப்பாகும். இரு நிறுவனங்களின் மீது தொழிற்சங்கங்கள் தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்தில் வழக்குத் தொடுத்தன; அவ்வழக்குகள் உடன்பாட்டில் முடிந்தன.

திண்டுக்கல் காட்டிய வழி

2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து நாச்சி அப்பேரல் ஆலையில் பணியாற்றிய தலித் இளம்பெண் ஒருவர் கொலையுண்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அவ்வாலை ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்தது. எச் அண்ட் எம் முதலிய பன்னாட்டு நிறுவனங்களுக்கு ஆடை தைத்துக் கொடுத்தது. ஆலையில் பெண்கள் நெடுநாளாகவே தொல்லைக்கு ஆளாகி வந்தனர் என்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. தணிக்கைகள் அதனைத் தடுக்கவில்லை.

பெண்கள் தலைமையேற்று நடத்தும், தலித் பெண்கள் பெருவாரியாக உள்ள தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராட்டத்தில் இறங்கியது. ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகள் துணை நின்றன. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வெளியாயிற்று. எச் அண்ட் எம் முதலில் கையொப்பமிட்டது, கேப், பி.வி.எச். ஆகியவை அவ்வாண்டிலேயே இணைந்தன.

பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் அவ்வொப்பந்தம் தடை செய்தது. சங்கம் பயிற்சியளித்த பெண் தொழிலாளர்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாயினர். முறையிட்டவரைப் பழிவாங்குதல் கூடாது என்று விதிக்கப்பட்டது. ஆலை நிர்வாகம் மீறினால் வாங்கும் நிறுவனங்கள் வணிக வழியில் நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டன. முதலாண்டில் 185 முறையீடுகள் வந்தன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. முறையீடு பெருகியது ஆலை கெட்டதன் அடையாளம் அன்று. அச்சம் நீங்கியதன் அடையாளம்.

பம்பாயில் அண்ணல் எழுப்பிய குரலுக்குத் திண்டுக்கல்லில் கிடைத்த மறுமொழி என்றே இதனைக் கருதலாம். ஆயினும் ஒரு நிறுவனத்தின் ஆலைகளுக்கே அது பொருந்தியது என்பதை மறத்தலாகாது. தொலைவிலுள்ள சட்டங்களை மட்டும் நம்பியிருத்தலும் தகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய நெறியாணையை ஏற்றது. 2025இலேயே அதன் நடைமுறைக் காலத்தைத் தள்ளி வைத்தது.

இளைஞர் கடமை

ஆகவே, வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் தம் ஆலையை மூன்று வினாக்களால் அளந்தறிதல் வேண்டும். சங்கம் அமைக்க உரிமை உண்டா? முறையிட்டவர் வேலையில் நீடிக்கின்றாரா? சாதியும் பாலும் பார்க்காது எல்லாப் பணிகளும் எல்லோருக்கும் திறந்துள்ளனவா? பத்துப் பேருக்குக் குறையாத பணியிடம் ஒவ்வொன்றிலும் பாலியல் தொல்லை பற்றிய முறையீட்டை விசாரிக்க உள்ளகக் குழு இருத்தல் வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அக்குழுவில் யார் உள்ளனர் என்பதை அறியாத பெண் நம்மில் ஒருவரும் இருத்தலாகாது.

கல்விச் சங்கம் என்பது தேர்வுக்கு மட்டும் ஆயத்தம் செய்யும் இடமன்று. ஊதியச் சீட்டைப் படிக்கவும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கைச் சரிபார்க்கவும், முறையீட்டைப் பிழையின்றி எழுதவும் நம் மாலை வகுப்புகளில் கற்பித்தல் வேண்டும். கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்னும் அண்ணலின் முழக்கத்திற்கு ஆலை வாயிலில் அதுவே பொருளாகும்.