களப்பு அந்தர: நட்டது யார்?

அம்பாந்தோட்டைக் கரையில் இருக்கிற புந்தல, 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமானது. சீமைக்கருவேல் அதுக்குக் கனகாலம் முன்னமே அந்தப் பக்கம் வந்திட்டுது. தானாக வரவில்லை. 1950களில், உப்பேறின மண்ணைத் திருத்தலாம் எண்டு மனிதர்தான் கொண்டுவந்து நட்டவை. சிங்களத்தில் அதுக்குப் பேர் 'களப்பு அந்தர'. மட்டக்களப்பில் வாற அதே களப்புத்தான்!

இனிப்பான நெற்றுகளை மாடும் எருமையும் விரும்பித் தின்னும். விதை செமிக்காமல் சாணியோடு விழுந்து முளைக்கும். 1993இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். மேயிற மாட்டுக்கு எல்லைக்கல் விளங்குமா? புல்வெளியும் சேற்றுத்தரையும் முட்பற்றையாக மாற, வெட்டவெளியில் இரைதேடும் கரைப்பறவைகளுக்கு இடம் சுருங்குது. தறித்தால் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் தழைக்கும். வேரோடு கிளப்பவேணும், அதுவும் வருசக்கணக்காக.

'ஆக்கிரமிப்புத் தாவரம்' எண்டு சொல்லேக்க பழி முழுக்க மரத்தில் விழுது, நட்ட திட்டம் தப்பிவிடுது. புந்தலவில் பூநாரைகள் குறைஞ்சதையும் இந்த மரத்தின் தலையில் கட்ட ஏலாது. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்களிலிருந்து வடிஞ்ச நன்னீர் எம்பிலிகல, மலல களப்புகளில் கலந்து உப்புத்தன்மையைக் குறைத்தது. அதுவும் ஒரு அபிவிருத்தித் திட்டம்தான்.